உள்ளூரா, வெளிமாநிலமா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கான கணக்கு

2016 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி.ஐ. இந்தியாவுக்கு வந்தது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 192 குதிரைத்திறன். நாடு முழுமைக்கும் ஒதுக்கப்பட்டவை 99 வண்டிகள். 2020-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 வந்தபோது அந்த எண்ணிக்கை 200. அதற்கும் முன்பு, 2015-இல் ஃபியட் தன் புன்டோவை அபார்த் என்ற பெயரில் 145 குதிரைத்திறனோடு பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த விலையில் விற்றது. ஓட்டியவர்கள் மறக்காத வண்டி. ஆனால் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். சில ஆண்டுகளில் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது.

இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களைத் தேடும் ஒருவர் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருந்தால் என்ன ஆகும்? உள்ளூரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அவற்றின் உரிமையாளர்கள் விற்க மனம் வைக்க மாட்டார்கள். அப்படியே விற்க வந்தாலும் விலை கூடுதலாக இருக்கும். அதே வண்டி டெல்லியில் இரண்டு லட்சம் குறைவாகவும், பெங்களூரில் ஒரு லட்சம் குறைவாகவும் கைப்பேசித் திரையில் மின்னும். உள்ளூரிலேயே காத்திருப்பதா, வெளிமாநிலம் போவதா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

என் அக்கா மகனுக்கும் அந்தக் கேள்வி இப்படித்தான் பிறந்தது. தேடியது அபார்த் புன்டோ. ஐந்து ஆண்டுச் சேமிப்பு கையில் இருந்தது. அவனோடு ஏறக்குறைய ஓராண்டு வண்டி பார்த்து அலைந்ததில் நான் கற்றவற்றையும், சட்டமும் தொழிலும் இதைப் பற்றிச் சொல்வதையும் இங்கே ஒருசேர வைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் நாம் காசு கொடுத்து வாங்குவது அதன் கடந்த காலத்தை. உள்ளூரில் அந்தக் கடந்த காலம் பாதி இலவசமாகத் தெரியவரும். வெளிமாநிலத்தில் அதை நாமே செலவழித்துத் தேடி எடுக்க வேண்டும். அந்தத் தேடலுக்கான செலவை விலையோடு கூட்டிப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

விலை ஏன் வேறுபடுகிறது?

முதல் காரணம் வரி. சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெல்லியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு 10 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி உயர்த்தப்பட்டது. ஐந்து லட்சம் வரை 12, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு. புதிதாக 40 லட்சம் விலையுள்ள காருக்கு டெல்லியில் நான்கு லட்சம் கட்டினால், இங்கே எட்டு லட்சம். டெல்லி வண்டி மலிவாகத் தெரிவதில் ஒரு பெரும்பங்கு, அங்கே கட்டப்படாமல் விடப்பட்ட இந்த வரிதான். வண்டி இங்கே வந்து நம் பெயருக்கு மாறும் நாளில் அது நம் வாசலில் வந்து நிற்கும்.

அந்த வரியை நாம் கொடுத்த விலைக்குக் கணக்கிடுவதில்லை. வண்டி புதிதாக விற்கப்பட்டபோது இருந்த விலையை அடிப்படையாக வைத்து, வயதுக்கேற்பக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆகவே விலை வேகமாகச் சரிந்த கார்களுக்கு வரிச் சுமை கூடுதலாக உறைக்கும். 40 லட்சத்துக்கு விற்ற காரை இன்று 14 லட்சத்துக்கு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வயதுக் கழிவில் வரி பாதியாகக் குறைந்தாலும் நான்கு லட்சம் வரும். நாம் கொடுத்த விலையில் அது நாலில் ஒரு பங்குக்கும் மேல். முந்தைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இங்கே பதிவு முடிந்த பிறகு, அங்கே விண்ணப்பித்து, அலைந்துதான் பெற முடியும். அது வந்தால் வரட்டும் என்று வைத்துக்கொண்டு, வாங்கும் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது காரணம் டெல்லியின் வயது வரம்பு. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2014-இலும், பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் வட்டாரத்தில் தடை விதித்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2025-இல் இது மறுபடி நீதிமன்றம் ஏறி, எந்த வண்டிக்கு விலக்கு என்பது மாறிக்கொண்டே வருகிறது. வரம்பு நெருங்க நெருங்க உரிமையாளர்கள் கிடைத்த விலைக்கு விற்க முந்துவார்கள். நல்ல பராமரிப்பில் இருக்கும் வண்டிகூட இந்த ஒரே காரணத்தால் மலிவாகிறது. வெளிமாநிலத்தில் உண்மையான லாபம் கிடைக்கும் இடம் என்றால் அது இதுதான்.

மூன்றாவது, சந்தையின் அளவு. டெல்லி, மும்பை, பெங்களூரில் இத்தகைய கார்கள் அதிகம், விற்பவர்களும் அதிகம். போட்டி விலையை இறக்குகிறது. தமிழ்நாட்டில் ஒரே வண்டிக்கு நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.

புதுச்சேரிப் பதிவு இவற்றோடு சேராத தனிக் கதை. அங்கே வரி மிகக் குறைவு என்பதால் விலையுயர்ந்த கார்கள் பல ‘பி.ஒய்.’ எண்ணோடு சென்னையிலும் கொச்சியிலும் ஓடுகின்றன. 2017-இல் கேரள அரசு இப்படிப்பட்ட வண்டிகள் மீது கடும் நடவடிக்கை எடுத்தது. அத்தகைய வண்டியை வாங்கினால், முந்தைய உரிமையாளர் தவிர்த்த வரி நம் தலையில் விழும் என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

சட்டம் சொல்லும் வழி

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் நான்கு பிரிவுகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு மாநிலத்துப் பதிவு நாடு முழுதும் செல்லும் என்கிறது 46. வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது 47. தடையில்லாச் சான்று, அதாவது எல்லோரும் சொல்லும் என்.ஓ.சி., 48-இன்படி வருகிறது. உரிமை மாற்றம் 50. பன்னிரண்டு மாத அவகாசம் இருக்கிறதே என்று பலர் வண்டியைப் பழைய எண்ணோடு ஓட்டுகிறார்கள். அந்த அவகாசம் எண்ணுக்கு மட்டுமே. பெயரை மாற்றுவதற்கு வாங்குபவருக்குச் சட்டம் தரும் காலம் முப்பது நாள்.

பெயர் மாறாமல் கிடப்பது இருவருக்கும் ஆபத்து. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதனால் நேர்மையான விற்பனையாளர் தாமே அவசரப்படுவார். “கையெழுத்துப் போட்ட படிவம் தர்றேன், மாத்துறதை நீங்க எப்ப வேணா பாத்துக்குங்க” என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

என்.ஓ.சி. கொடுப்பதற்கு முன் பதிவு அலுவலகம் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். திருட்டு வழக்கு இல்லை என்ற போலீஸ் அறிக்கை ஒன்று, வரி பாக்கி இல்லை என்பது மற்றொன்று. முப்பது நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் சான்று கொடுத்ததாகவே கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் கையில் காகிதம் இல்லாமல் இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எதுவும் நகராது. ஆகவே முழுப் பணத்தையும் என்.ஓ.சி. வருவதற்கு முன் கொடுத்துவிடக் கூடாது. முன்பணம் கொடுத்து, எழுத்தில் வாங்கி, சான்று கைக்கு வந்த பிறகு மீதி. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தவர் எவரும் வெளிமாநில வண்டியில் பெரிதாக ஏமாந்து நான் பார்த்ததில்லை.

படிவம் 28-இல் சேஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும். பலர் இதைப் புரோக்கரிடம் விட்டுவிடுகிறார்கள். நாமே எடுப்பது நல்லது. அபார்த்தில் முன் இருக்கைக்கு அருகே தரைக் கம்பளத்தை விலக்கினால் எண் பொறித்த தகடு தெரியும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்க்க, கரிய பரப்பில் பதினேழு எழுத்துகள் வெள்ளையாக எழும். ஒவ்வொன்றுக்கும் இடையே உள்ள தூரம் ஒரே சீராக இருக்கிறதா, ஏதாவது ஓர் எழுத்து மட்டும் சாய்ந்தோ ஆழமாகவோ இருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்புவது பென்சிலுக்குத் தப்பாது.

இந்த எச்சரிக்கை வீண் பயம் இல்லை. 2025 செப்டம்பரில் சுங்கத் துறை கேரளத்தில் நடத்திய சோதனையில், பூட்டானிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுவந்து, போலி ஆவணங்களோடு வட மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டு, பிறகு தெற்கே விற்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட விலையுயர்ந்த வண்டிகள் பிடிபட்டன. கடைசியாக வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் வண்டி அவர் வாசலிலிருந்துதான் போகும்.

ஸ்போர்ட்ஸ் காரில் இன்னொரு சிக்கல் உண்டு. இவற்றில் பலவற்றில் யாரோ ஒருவர் கைவைத்திருப்பார். சைலன்சர் மாற்றியிருப்பார், நிறம் மாற்றியிருப்பார். தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சொந்த ஊரில் யாரும் கேட்காமல் ஓடிய வண்டி, மாநிலம் மாறும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன் புதிதாக நிற்கிறது. ஆர்.சி.யில் வெள்ளை என்றிருக்க, எதிரே சிவப்பு நின்றால் அன்றைய வேலை அங்கேயே முடிந்தது. பழைய சைலன்சர் எங்கே என்று வாங்கும்போதே கேட்டு, அதையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

ஊரும் உடம்பும்

கார் எந்த மண்ணில் வளர்ந்தது என்பது அதன் உடம்பில் எழுதியிருக்கும். மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று. ஜாக்கி வைக்கும் இடங்கள், கதவின் கீழ் விளிம்பு, சைலன்சர் கொக்கிகள் இவற்றிலிருந்து துரு தொடங்கும். டெல்லியில் காற்று உலர்ந்தது, துரு குறைவு. ஆனால் வெயிலில் டாஷ்போர்டு வெளிறி, ரப்பர் பீடிங்குகள் வெடித்திருக்கும். பெங்களூர், கோவை, மைசூர் போன்ற மேட்டு நில ஊர்களின் வண்டிகள் உடம்பில் தேறும். அதே பெங்களூர் நெரிசல், உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டிகளைச் சூடாக்கித் தேய்த்திருக்கும். எந்த ஊரும் முழுக்க நல்லதில்லை. எங்கே எதைப் பார்ப்பது என்பதைத்தான் ஊர் சொல்கிறது.

எல்லாவற்றிலும் மோசமானது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டிகளில் சில காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு முடிந்து, ஏலம் போய், கழுவித் துடைக்கப்பட்டு, அந்த வெள்ளத்தை அறியாத ஊருக்கு விற்பனைக்கு வருகின்றன. சென்னையின் வெள்ள வண்டிக்குக் கோவையே வெளியூர்தான்.

இதை நேரில் பார்த்தேன். கடலோர நகரம் ஒன்றில் சிவப்புக் கோடு போட்ட ஓர் அபார்த். விலை நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. “மாமா, பெயிண்டு ஒரிஜினலுங்க, கையில தடவிப் பாருங்க” என்றான் அக்கா மகன். வெளியே எனக்கும் குறை தெரியவில்லை. உடன் வந்த எங்கள் ஊர் மெக்கானிக் என்ஜின் பக்கமே போகவில்லை. பின் இருக்கையில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். முக்கால் பங்கு கறுப்பாக வந்த பட்டை, கடைசி ஒரு சாண் அளவுக்குப் பழுப்பேறி, நுனியில் மண் கோடு போட்டிருந்தது. பட்டையைக் கழுவியவர்கள் அது சுருண்டிருக்கும் உள்ளறை வரை கழுவவில்லை. பிறகு ஸ்டெப்னியைத் தூக்கினார். அதன் கீழ் போல்ட்டைச் சுற்றி வண்டல் இறுகியிருந்தது. விற்க வந்தவர் ஒன்றும் பேசவில்லை. மெக்கானிக் அவன் தோளைத் தட்டி, “தம்பி, டீ குடிச்சுட்டு ஊருக்குக் கெளம்பலாம்” என்றார். அன்றைய பயணச் செலவும் மெக்கானிக்குக்குக் கொடுத்த கூலியும் எங்களுக்குப் பல லட்சத்தை மிச்சப்படுத்தின.

வண்டியின் கடந்த காலத்தைப் படிப்பது

உள்ளூர் வண்டியின் பெரும் வசதி, அதை அறிந்தவர்கள் பக்கத்திலேயே இருப்பது. எந்தப் பட்டறையில் டிங்கரிங் நடந்தது, யார் டைமிங் பெல்ட் மாற்றியது, செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எத்தனை ஞாயிறு ஓடியது என்பதெல்லாம் ஊரில் நாலு பேருக்குத் தெரியும். பந்தயத் தடத்தில் ஓடியதே குற்றமில்லை. ஆனால் பிரேக், கிளட்ச், டயர், என்ஜின் ஆயில் இவற்றின் தேய்மானம் மீட்டரில் தெரியாது.

வெளிமாநில வண்டிக்கு இதையெல்லாம் காகிதத்திலிருந்து எடுக்க வேண்டும். சர்வீஸ் பில்கள் ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். தேதி வரிசையில் அடுக்கினால் மீட்டரைக் குறைத்த இடம் தானாகவே தெரிந்துவிடும். பல ஐரோப்பிய கார்களில் மீட்டரைத் தவிர வேறு சில கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஓடிய தூரத்தைப் பதிந்து வைக்கும். நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவர் அதையும் படிப்பார். பாக்கி அபராதம், கடன், காப்பீடு ஆகியவற்றை எம்பரிவாகன் செயலியில் பார்க்கலாம். கடன் இருந்தால் வங்கியின் சான்றும் படிவம் 35-உம் வராமல் பேச்சே வேண்டாம். காப்பீட்டில் பழைய உரிமையாளரின் கிளெய்ம் இல்லாத சலுகை அவரோடு போய்விடும், நமக்கு வராது. பிரீமியத்தை அதற்கேற்ப விசாரிக்க வேண்டும்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2008 வரையிலான போர்ஷே பாக்ஸ்டர் என்ஜின்களில் இடைத்தண்டு பேரிங் பழுதாகி என்ஜினையே அழிப்பது உலகறிந்த சங்கதி. அபார்த்தில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதே முதல் கேள்வி. வாங்கப்போகும் வண்டியின் அந்த ஒரு பலவீனத்தை அறிந்த மெக்கானிக்கை, அந்த ஊரிலேயே, விற்பவர் சொல்லாத ஆளாகப் பிடித்துப் பணம் கொடுத்துக் காட்ட வேண்டும். வண்டி லிஃப்டில் ஏற வேண்டும். அதற்கு மறுக்கும் விற்பனையாளருக்கு நாமும் மறுப்புச் சொல்லிவிடலாம்.

இடைத்தரகர் மூலம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அவர் பதிவு பெற்ற வணிகராக இருக்க வேண்டும், வண்டி தம் கைக்கு வந்ததை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வணிகர் தம் லாபப் பங்கின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்டுகிறார், அது விலைக்குள் அடங்கியிருக்கும். தனியாரிடம் நேராக வாங்கினால் அது இல்லை.

உள்ளூர்ச் சந்தைக்கும் ஒரு குறை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. தெரிந்தவர் என்ற ஒரே காரணத்தால் நாம் எதையும் சோதிக்காமல் விட்டுவிடுகிறோம். “நம்ம பையன் வண்டிதான்” என்ற சொல் சீட் பெல்ட்டை இழுக்க விடுவதில்லை. டெல்லி வண்டிக்குச் செய்யும் அத்தனை சோதனையையும் அடுத்த தெரு வண்டிக்கும் செய்ய வேண்டும். உறவு கெடும் என்று தயங்கினால், வாங்கிய பின் வரும் பழுதில் உறவு இன்னும் மோசமாகக் கெடும்.

எப்போது எது?

நாட்டில் நிறைய விற்ற கார் என்றால் சொந்த மாநிலத்திலேயே காத்திருப்பது மேல். பயணம், சோதனை, ஏற்றிவரும் லாரி, வரி, என்.ஓ.சி. காத்திருப்பு எல்லாம் சேர்ந்து விலை வித்தியாசத்தை விழுங்கிவிடும். பக்கத்து மாநிலம் இரண்டாவது தேர்வு. கோவையிலிருந்து பெங்களூர் 360 கிலோமீட்டர், கொச்சி அதில் பாதிதான். இரண்டு முறை போய்ப் பார்க்கலாம், ஏதாவது குறை என்றால் திரும்பப் போகலாம். கர்நாடகமும் கேரளமும் வரியில் தமிழ்நாட்டுக்கு இளைத்தவை இல்லை என்பதால் அங்கே விலையில் கிடைக்கும் சிறிய குறைவு போலியானதில்லை. டெல்லி வரை போவது இரண்டே காரணத்துக்குத்தான் தகும். தேடும் வண்டி நாட்டிலேயே நூறோ இருநூறோ இருக்க வேண்டும், அல்லது வயது வரம்பால் மட்டுமே விலை சரிந்த, பில்கள் முழுமையாக உள்ள வண்டியாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் விலையை மட்டும் பார்த்து 2,500 கிலோமீட்டர் போவது வேண்டாத வேலை.

அக்கா மகன் கடைசியில் வாங்கியது பெங்களூர் வண்டி. கோவையிலும் ஒன்று வந்தது, ஆனால் நான்கு ஆண்டு பில்கள் அதில் இல்லை. பெங்களூர்க்காரர் முதல் உரிமையாளர். முதல் சர்வீஸிலிருந்து டைமிங் பெல்ட் வரை எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் துளையிட்டு அடுக்கி வைத்திருந்தார். வரியும் பயணமும் சேர்த்துப் பார்த்தால் கோவை வண்டியைவிட விலை கொஞ்சம் கூடவே ஆனது. என்.ஓ.சி. வந்து, இங்கே இன்ஸ்பெக்டர் பார்த்து, கே.ஏ. எண் கழன்று டி.என். எண் ஏற இரண்டரை மாதமாயிற்று.

புது எண்ணோடு வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாலை அவன் முதலில் செய்த வேலை, பஞ்சிங் கருவியைத் தேடி எடுத்ததுதான். இங்கே கட்டிய ஆயுள் வரி ரசீதையும் எங்கள் மெக்கானிக் கொடுத்த முதல் ஆயில் பில்லையும் துளையிட்டு, அந்த நீலக் கோப்பின் கடைசிப் பக்கத்துக்குப் பின் சேர்த்தான். “அடுத்தவிய வாங்கறப்ப அவியளுக்கும் தெரியோணுமில்லைங்க மாமா” என்றான்.